மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைத்தால் சுரைக்காய் காய்க்குமா?

கேள்வி: நங்கநல்லூரில் மாடி வீடு. மொட்டை மாடியில் சுரை, பீர்க்கு, பூசணி, மிளகாய் எல்லாம் போட்டிருக்கிறோம். பூ நிறைய வருகிறது, ஆனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தேனீ வராததுதான் காரணம் என்கிறார்கள். மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு பெட்டி வாங்கி வைக்கலாமா? கீழ் வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் அவர்களுக்குப் பயம். கொஞ்சம் தேனும் கிடைத்தால் சந்தோஷம்.

பதில்: பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மாடிக்குப் போய்ச் சுரைப் பூவைப் பாருங்கள். சுரை, பீர்க்கு, புடலை மூன்றுமே பொழுது சாயும் நேரத்தில் பூப்பவை, அதிலும் சுரையும் புடலையும் வெள்ளைப் பூ, இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காகவே விரிபவை. தேனீ அந்த நேரத்துக்கு வேலையை முடித்துக்கொண்டு கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். அதனால் நீங்கள் மாடி முழுக்கப் பெட்டி வைத்தாலும் சுரைக்காய்க்குப் பெரிய லாபம் இல்லை. அதற்குக் கைதான் வழி. காம்பில் குட்டிக் காய் மாதிரி புடைத்திருப்பது பெண் பூ, வெறும் காம்போடு நீளமாக நிற்பது ஆண் பூ. அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். மறுநாள் காலை வரை தள்ளிப்போட்டால் பூ வாடியிருக்கும்.

பூசணி கதை வேறு. அது விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். தேனீ வந்தால் அதற்குத்தான் நேரடிப் பயன். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், தேனீ வந்தால் கூடுதல் நன்மை. இன்னொன்று, கொடியில் முதலில் ஆண் பூ மட்டும்தான் வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதுவும் மாட்டுச்சாணமும் யூரியாவும் தாராளமாகப் போட்டிருந்தால் கொடி தழைத்துக்கொண்டே போகும், பெண் பூ தாமதமாகும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் தேனீ வளர்க்க ஆசை இருக்கிறது என்றால், ஆசையாகவே வையுங்கள், தப்பில்லை. எந்தத் தேனீ என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மார்த்தாண்டத்துப் பெட்டியில் வருவது பெரும்பாலும் அடுக்குத் தேனீ, அதாவது நம் நாட்டு இந்தியத் தேனீ. நல்ல தேனீதான். ஆனால் அங்கே அது கொடுக்கும் தேன் கணக்கை நங்கநல்லூருக்கு அப்படியே கொண்டு வராதீர்கள். மார்த்தாண்டம் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்தில் இருந்து வருகிறது, அதுவும் பூவில் இருந்து இல்லை, இலை உதிர்ந்து துளிர்க்கும்போது புது இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரில் இருந்து. நமக்கு இங்கே ரப்பர் தோட்டம் ஏது? சென்னையில் சித்திரையை ஒட்டி வேம்பும் புங்கமும் பூக்கும், முருங்கை அவ்வப்போது, தென்னை ஆண்டு முழுக்கக் கொஞ்சம், சுவரேறிக் கிடக்கும் கொடிரோஸ் இருந்தால் அதிர்ஷ்டம். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. வெளியே போக முடியாமல், போனாலும் பூவில் தேன் கழுவிப் போயிருக்கும் அந்த வாரங்களில் சர்க்கரைக்குச் சமமாகத் தண்ணீர் கலந்து பெட்டிக்குள் வைத்தால்தான் கூட்டம் நிற்கும். அடுக்குத் தேனீக்கு ஒரு குணம், பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். பட்டினி, எறும்பு, மெழுகுப்புழு, மே மாத மொட்டை மாடி வெயில், இதில் எது ஒன்றும் அதற்குப் போதுமான காரணம். நாற்பது டிகிரி வெயில் நேரடியாகப் பெட்டி மேல் விழுந்தால் மெழுகு இளகி அடையே மரச்சட்டத்தில் இருந்து தொங்கிவிடும். அடுக்குத் தேனீ கொட்டவும் கொட்டும், குழந்தை இருக்கும் வீட்டில் அதையும் யோசிக்க வேண்டும். இத்தாலியத் தேனீயை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது பூ இருக்கும் ஊருக்கெல்லாம் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கானது.

என் தேர்வு கொசுத்தேனீ. எறும்பு அளவுதான், கொடுக்கு வேலை செய்யாது, மிஞ்சிப்போனால் முடிக்குள் புகுந்து கடிக்கும். உங்கள் தெருவிலேயே இருக்க வாய்ப்பு உண்டு. பழைய வீட்டுச் சுவர் விரிசல், மரத்துப் பொந்து, பயன்படாத மின் குழாய், இவற்றின் வாயில் பழுப்பு நிறத்தில் அரக்குக் குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். கிட்டே போய் நின்றால், குழலின் வாயைச் சுற்றி ஏழெட்டுக் காவல் தேனீக்கள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நடுவே வருகிறவை பின்னங்காலில் மஞ்சள் மகரந்தமோ பளபளக்கும் மரப்பிசினோ ஒட்டிக்கொண்டு நுழையும். மணிக்கணக்கில் பார்க்கலாம்.

இதில் தேன் எதிர்பார்க்காதீர்கள். நல்ல கூட்டமாக இருந்தால் வருடத்துக்குச் சில நூறு கிராம், புளிப்பு கலந்த இனிப்பு, ஈரம் அதிகம் என்பதால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வாங்கி வரும்போது ஒரு கவனம். இரவில் வாயிலை வலைத்துணியால் அடைத்து எடுத்து வாருங்கள், வழியில் பெட்டியைச் சாய்க்கவோ கவிழ்க்கவோ கூடாது. இவற்றின் முட்டை, ஒவ்வொரு அறையிலும் ஊற்றி வைத்த திரவ உணவின் மேல் மிதந்துகொண்டிருக்கும். கவிழ்ந்தால் அந்த உணவிலேயே மூழ்கிச் செத்துவிடும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்வதே நல்லது.

பெட்டியை வாட்டர் டேங்க் நிழலில், காலை வெயில் மட்டும் படுகிற மாதிரி, வாசல் நடைபாதைப் பக்கம் பார்க்காமல் வையுங்கள். ஸ்டாண்டின் கால்களைக் கிண்ணத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் எறும்பு ஏறாது என்பார்கள், சரிதான், ஆனால் சென்னையில் அந்தத் தண்ணீரில் கொசுப்புழு வந்துவிடும், மாநகராட்சி ஆட்கள் மாடி ஏறி வந்தால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். தண்ணீருக்குப் பதில் பழைய என்ஜின் ஆயில் ஊற்றுங்கள். தேனீ குடிக்கத் தனியாக ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள்.

கொசு மருந்துப் புகைதான் எனக்கு உண்மையான கவலை. வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே வாயிலை ஈரத்துணியால் மூடிவிடுங்கள், பெட்டி மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள், புகை கலைந்து அரை மணி கழித்து எடுக்கலாம். செடிக்கு அடிக்கும் மருந்தும் அப்படித்தான். வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் பூவில் படாமல் இலையின் அடியில், தேனீ அடங்கிய பிறகு அடியுங்கள்.

கீழ் வீட்டுக்காரர்களை ஒரு முறை மாடிக்குக் கூப்பிட்டு அந்தக் குழலைக் காட்டிவிடுங்கள், பயம் பாதி குறையும். அவர்கள் மனதில் இருப்பது அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயாக இருக்கும். அதற்குப் பயப்படுவது நியாயம்தான். அது உங்கள் வீட்டில் வந்து கட்டினால் கல் எறிவது, பந்தம் பிடிப்பது எதுவும் வேண்டாம். ஒன்று கொட்டினால் அந்த வாசனையே மற்றவற்றைக் கிளப்பிவிடும், தீயணைப்புத் துறைக்குத்தான் சொல்ல வேண்டும். எந்தத் தேனீ கொட்டினாலும் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108.

வாங்குவதாக முடிவு செய்தால் மழை முடிந்து தை, மாசியில் வாங்குங்கள், அப்போதுதான் சித்திரைப் பூவுக்குள் கூட்டம் நிலைகொள்ளும். விற்பவரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முட்டை அறைகள் கொத்தாக, ஈரப் பளபளப்போடு இருந்தால் வாங்கலாம். தேனைச் சேர்த்து வைக்கும் குட்டி மெழுகுக் குடங்களை மட்டும் காட்டி விலை பேசுகிறார் என்றால் உள்ளே ராணி இல்லாமல் போகலாம், வேறு ஆளைப் பாருங்கள்.