முள்ளைப் பாருங்கள், பிறகு தட்டைப் போடுங்கள்

கேள்வி – பதில்: அரக்கு இசைத்தட்டுகள்

கே: புதிதாக வாங்கிய டர்ன்டேபிளில் நிமிடத்துக்கு 33, 45, 78 சுற்று என்று மூன்று வேகமும் இருக்கிறது. ஆனால் 78 சுற்றில் ஓடும் பழைய அரக்குத் தட்டைப் போட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது. தட்டு தேய்ந்துவிட்டதா?

ப: தட்டின் மேல் பழியைப் போடுமுன் முள்ளைப் பாருங்கள். வேகப் பொத்தானில் 78 என்று இருப்பதால் முள்ளும் 78-க்கு உரியது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான புதிய கருவிகள் எல்.பி. (33 சுற்றில் ஓடும் வினைல் தட்டு) முள்ளோடுதான் வருகின்றன. அதன் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தட்டுக்கு வேண்டியது 65 முதல் 76 மைக்ரான், அதாவது 2.5 முதல் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அரக்குத் தட்டின் பள்ளம் அவ்வளவு அகலம். பாட்டு இருப்பது பள்ளத்தின் இரு சுவர்களில். மெல்லிய முள்ளோ அடியில் போய் உட்கார்ந்து, அங்கே படிந்த அழுக்கைப் படித்துக்கொண்டு இங்கும் அங்கும் அலைகிறது. இரைச்சல், உரத்த இடங்களில் கரகரப்பு, குதித்துத் தடம் மாறுவது எல்லாம் இதனால்தான்.

நஷ்டம் முள்ளுக்கும் உண்டு. அரக்குத் தட்டில் அரக்கைவிடக் கல்தூள்தான் அதிகம். எஃகு முள்ளைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவர அந்தத் தூள் உதவியது. அதில் எல்.பி. முள்ளை ஓட்டினால் அடுத்து அது தொடும் நல்ல எல்.பி. தட்டுகளுக்கும் ஆபத்து.

முள்ளின் அசைவை மின் ஒலியாக மாற்றும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதில் காந்தம் அசையும் மூவிங் மேக்னெட் வகை பலவற்றில் முள் பகுதியை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு 78 முள் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தனி கார்ட்ரிட்ஜ், அதை மாட்டும் தலைப்பகுதியான ஹெட்ஷெல்லும் தனி. உருண்டை நுனி கொண்ட வைர முள்ளாக இருக்கட்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 3 மில் வாங்குங்கள். 1940-களின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் வந்த தட்டுகளுக்கு 2.5 மில் இன்னும் நன்றாகப் பொருந்தும். மின்சார ஒலிப்பதிவுக்கு முந்தைய, கூம்பு வைத்துப் பதிந்த தட்டுகளுக்கு 3.5 மில் வரை போகலாம். தேய்ந்த தட்டில் முள் அளவை மாற்றிப் பார்ப்பது வீண்வேலை அல்ல. பழைய முள் தேய்க்காத உயரத்தில் புதிய முள் சுவரைத் தொட்டால், செத்துப்போனதாக நினைத்த தட்டும் தெளிவாகப் பாடும்.

கே: பழைய கிராமபோனில் அவ்வளவு கனமான தலையைத் தாங்கிய தட்டுதானே? முள்ளின் எடையைக் கூட்டி வைத்தால் என்ன?

ப: தட்டு தாங்கலாம், உங்கள் கார்ட்ரிட்ஜ் தாங்காது. முள்ளைப் பிடித்திருக்கும் ரப்பர் அமுங்கிவிடும். அதன் தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குள் இருங்கள். 78 முட்களுக்கு அது பெரும்பாலும் 2 முதல் 5 கிராமுக்குள் வரும். அந்த எல்லையின் மேல்பாதியில் வைப்பது நல்லது, ஏனென்றால் எடை குறைந்தால்தான் சேதம் அதிகம்: முள் பள்ளத்தில் துள்ளித் துள்ளி விழுந்து சுவரைக் கொத்தும்.

ஆன்டி-ஸ்கேட்டிங்கை (முள் நடுப்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) 0-வில் வைத்து, பின்பக்க எடையைத் திருகி டோன் ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை) படுக்கைவாட்டில் மிதக்கும்படி செய்யுங்கள். அளவு வளையத்தை 0-வுக்குக் கொண்டுவந்து, பிறகு வேண்டிய எடைக்குத் திருப்புங்கள். வளையத்தை முழுக்க நம்பாமல் சிறிய டிஜிட்டல் முள் தராசில் சரிபாருங்கள். கடைசியில் ஆன்டி-ஸ்கேட்டிங்கை அமையுங்கள். முள் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கே: எல்.பி. கழுவும் திரவத்தால் துடைத்தேன். தட்டின் பளபளப்பு போய் வெளுத்துவிட்டது. மீட்க வழி உண்டா?

ப: இல்லை. அந்தத் திரவத்தில் ஆல்கஹால் இருந்திருக்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையும். மங்கியது பள்ளத்தின் சுவரே.

மற்ற தட்டுகளையாவது காப்பாற்றுங்கள். அறைச் சூட்டில் உள்ள காய்ச்சி வடித்த நீர், ஒரு லிட்டருக்குச் சில துளி மணமற்ற மென்மையான சோப்புத் திரவம், மெல்லிய தூரிகை, இவை போதும். பள்ளம் போகும் வழியே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். சோப்பு தங்காமல் வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். நடுவில் உள்ள லேபிளில் நீர் படக்கூடாது, தட்டை ஊறவும் வைக்கக்கூடாது. பஞ்சு ஒட்டாத துணியால் உடனே ஒற்றி, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். வெந்நீரும் வெயிலும் தட்டை வளைத்துவிடும்.

விரிசலோ விளிம்பு உடைப்போ இருந்தால் ஈரத் துணியோடு நிறுத்துங்கள். சில தட்டுகளின் உள்ளே காகிதம் இருக்கும். நீர் நுழைந்தால் உப்பிவிடும். கால் அங்குலத் தடிமனுள்ள எடிசன் தட்டுக்கு நீரே ஆகாது. அலுமினியத்தின் மேல் மெழுகுபோல் பூச்சு பூசிய, கடையில் விற்காத தனிப்பதிவுத் தட்டு கிடைத்தால் கழுவவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம்; ஆவணக் காப்பகத்தாரிடம் கேளுங்கள்.

கே: முள்ளை மாற்றியாகிவிட்டது. இருந்தாலும் குரல் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் மந்தமாக இருக்கிறது. இரைச்சலும் முழுதாகப் போகவில்லை.

ப: மந்தத்துக்குக் காரணம் ஃபோனோ ப்ரீ-ஆம்ப், அதாவது முள்ளிலிருந்து வரும் மெல்லிய ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி பெருக்கும் கருவி. இன்றைய ப்ரீ-ஆம்ப்களில் பெரும்பாலானவை ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுப்படி (எல்.பி. தட்டுகளுக்கான ஒலிச் சமன் கணக்கு) கீழ் ஒலிகளைத் தூக்கி, மேல் ஒலிகளை அமுக்கும். 10,000 ஹெர்ட்ஸில் சுமார் 14 டெசிபல் குறைக்கிறது. அந்த வளைவு பொதுத் தரமானது 1950-களின் நடுவில்தான். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு. அந்தத் தட்டுகள் பலவற்றில் மேல் ஒலியை அவ்வளவு உயர்த்திப் பதியவில்லை, ஆகவே அமுக்கினால் குரலின் கூர்மை போய்விடும். வளைவைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள ப்ரீ-ஆம்ப் சிறந்தது. அது இல்லாதபோது ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைக் கூட்டி, பாஸைச் சற்றுக் குறையுங்கள்.

இரைச்சலுக்கு மோனோ பொத்தானை அழுத்துங்கள். 78 தட்டின் பாட்டு பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் வருவது வெறும் இரைச்சல். இரண்டு சானலையும் சேர்த்தால் அது ரத்தாகும். பொத்தான் இல்லாவிட்டால் டர்ன்டேபிளுக்கும் ப்ரீ-ஆம்புக்கும் நடுவே இரண்டு ஒய் கேபிள்களை (இரண்டு முனைகள் ஒன்றாகச் சேரும் கம்பி) எதிரெதிராகப் பிணைக்கலாம். ப்ரீ-ஆம்புக்குப் பிறகு இப்படிச் செய்யாதீர்கள், இரண்டு சர்க்யூட்டின் வெளியீடுகளும் ஒன்றோடொன்று மோதும். கருவிக்குள்ளேயே ப்ரீ-ஆம்ப் இருந்தால் அதை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

மோனோவில் போட்டதும் பாட்டு கிசுகிசுப்பாகக் குறைந்துபோனால் அது மேல்கீழாக வெட்டிய தட்டு. பாத்தே, எடிசன் நிறுவனங்களின் பழைய தட்டுகள் அப்படி. ஹெட்ஷெல்லில் வலது சானலின் சிவப்பு, பச்சைக் கம்பிகளை மாற்றிப் போட்டால் குரல் வந்துவிடும்.

கே: என் டர்ன்டேபிளில் 33, 45 வேகம் மட்டும்தான் இருக்கிறது. 78 தட்டுக்கு என்ன செய்வது?

ப: 78 முள்ளோடு 45-இல் ஓட்டிக் கணினியில் பதியுங்கள், பிறகு வேகத்தை 1.733 மடங்காக்குங்கள். 33-இல் பதிந்தால் 2.34 மடங்கு. முடிந்தால் ஆர்.ஐ.ஏ.ஏ. இல்லாமல் பதிந்து, வேகத்தைக் கூட்டிய பிறகே ஒலிச் சமன் செய்யுங்கள், இல்லையெனில் வளைவு தவறான இடத்தில் விழும். பதியும்போது மிகக் கீழ் ஒலிகளை வெட்டும் ரம்பிள் ஃபில்டர் வேண்டாம். 45-இல் ஓட்டும்போது 50 ஹெர்ட்ஸ் பாஸ் 29 ஹெர்ட்ஸாக இறங்கியிருக்கும்.

கே: வேகம் சரியாக 78-தானா?

ப: 1920-களின் நடுப்பகுதிக்கு முந்தைய தட்டுகள் 70 முதல் 82 வரை எப்படியும் இருக்கலாம். சுருதிப்பெட்டியோடு ஒப்பிட்டு, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் கட்டுப்பாட்டால் சரிசெய்யுங்கள். பிந்தையவற்றுக்கு, தட்டின் இடத்தில் வைத்துச் சுழற்றும் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை போதும்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குண்டு பல்பின் கீழ் 77 கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92. பல எல்.இ.டி. விளக்குகள் சிமிட்டாததால் அவற்றின் கீழ் இது வேலை செய்யாது.

கே: மயிரிழை விரிசல் விட்ட தட்டை ஓட்டலாமா?

ப: விரல் நகத்தால் மெல்லத் தடவுங்கள். படி தட்டுப்படாவிட்டால் 33-இல் ஒரே ஒரு முறை ஓட்டிப் பதிந்துகொள்ளலாம். படி தட்டுப்பட்டால் முள் அதில் மோதி ஒடியும், விரிசலும் விரியும். பசை போட்டு ஒட்டாதீர்கள், அது பள்ளத்துக்குள் இறங்கி உறைந்துவிடும்.