‘300’ டிஸ்க் வாங்கலாமா? வாங்கி மாட்டிக்கிட்டவங்க என்ன பண்றது? (கேள்வி-பதில்)

பழங்காலப் போர்ப் படங்களோட டிஸ்க் வாங்கறது பத்தி போன தடவை எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல முக்காவாசி ஒரே படத்தைப் பத்தி. 2007ல வந்த ‘300’. பழங்கால கிரேக்கத்துல தெர்மோபிலேங்கற கணவாயில ஸ்பார்ட்டா ஊர் வீரர்கள் 300 பேர் பாரசீகப் படையை மறிச்சு நிக்கற கதை, சாக் ஸ்னைடர் எடுத்தது. இது மாதிரி ஒரு படம் வந்ததே இல்லைனு ஒரு கோஷ்டி, காசு தண்டம்னு ஒரு கோஷ்டி. கடிதங்களைச் சுருக்கியிருக்கேன், என்னைத் திட்டினதை மட்டும் வெட்டல.

கேள்வி: ஒருத்தர் காவியம்ங்கறார், இன்னொருத்தர் குப்பைங்கறார். வாங்கலாமா வேண்டாமா, ஒரே வரியில சொல்லுங்க. (குழப்பத்தில் இருப்பவர்)

பதில்: டிரெய்லரைப் பாருங்க, அது பிடிச்சா வாங்குங்க, பிடிக்கலன்னா மொத்தப் படமும் அதே தான்.

கேள்வி: பத்துக்கு ஏழரை மார்க் கிட்ட இருந்துச்சு, நம்பி 4கே டிஸ்க் வாங்கினேன். அரை மணி நேரத்துல ஆஃப் பண்ணிட்டேன். பிரிச்ச டிஸ்கைத் திரும்ப எடுக்க மாட்டேன்ங்கறார் கடைக்காரர். இது பகல் கொள்ளை இல்லையா? உங்களை மாதிரி எழுதறவங்களும் இதுக்கு உடந்தை. (ஏமாந்தவன்)

பதில்: நீங்க ஏமாறல சார், ஏமாந்தவங்க கீழே வர்றாங்க. டிஸ்க் ஓடுது, கீறல் இல்ல, கவர்ல போட்டது தான் உள்ள இருக்கு, படம் பிடிக்கலங்கறது தான் ஒரே குறை. அதுக்குக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? பாதியில நின்னாலோ 4கேனு போட்டு உள்ள சாதா டிஸ்க் இருந்தாலோ சொல்லுங்க, சண்டைக்கு நானும் வரேன்.

ஆனா அந்த மார்க் விஷயத்துல உங்க மேல எனக்கு கோபம் இல்ல, மார்க் மேல தான் கோபம். ரொம்ப நாளா வயித்தெரிச்சல், கொட்டிடறேன். பத்து பேர் ஒரு படம் பார்க்கறாங்கனு வைங்க, ஆறு பேர் பத்துக்குப் பத்து போடறாங்க, நாலு பேர் ரெண்டு போடறாங்க, சராசரி 6.8. அந்த 6.8ஐ அந்தப் பத்து பேர்ல ஒருத்தர் கூட போடல! நாம அதைப் பார்த்துட்டு ‘சரி, சுமாரா இருக்கும், ஒரு தடவை பார்க்கலாம்’னு நினைச்சுக்கறோம். ‘300’ஐப் பார்த்துட்டு சுமார்னு சொன்ன ஆளை நான் பார்த்ததே அபூர்வம். ஒண்ணு எழுந்து நின்னு கை தட்டுவாங்க, இல்ல எழுந்து வெளியே போவாங்க. சும்மா சொல்லல, 2006 டிசம்பர்ல டெக்சாஸ்ல ஆஸ்டின்ல ரசிகர்களுக்குப் போட்டப்ப எழுந்து நின்னு தட்டினாங்க, ரெண்டு மாசம் கழிச்சு பெர்லின் விழாவுல பத்திரிகைக்காரங்களுக்குப் போட்ட காட்சியில கூச்சல் போட்டு பல பேர் வெளியேறிட்டாங்க. ரெண்டு இடத்துலயும் ஓடினது ஒரே படம்.

விமர்சகர்கள் மார்க்கைக் கூட்டிக் கழிச்சு மெட்டாகிரிட்டிக்ங்கற இணையதளம் போட்டது நூத்துக்கு 52. ஆனா அமெரிக்காவுல முதல் வார இறுதியில மட்டும் 7 கோடி டாலர், சுமார் ஆறரைக் கோடியில எடுத்த படம் உலகம் முழுக்க 45 கோடிக்கு மேல வசூல். இதுல எந்த எண்ணை வச்சு நீங்க டிஸ்க் வாங்குவீங்க? இன்னொரு கூத்து இந்த சதவீதம். ராட்டன் டொமேட்டோஸ்ங்கற இன்னொரு விமர்சனத் தளத்துல 60 சதவீதம்னு ஒரு படத்துக்குப் போட்டிருந்தா படத்துக்கு 60 மார்க்னு அர்த்தம் இல்ல, நூறு விமர்சகர்ல அறுபது பேர் நல்லா சொல்லியிருக்காங்கனு தான் அர்த்தம், அந்த அறுபது பேரும் வாயைப் பிளந்தாங்களா, போனாப் போகுதுனு பாஸ் போட்டாங்களானு அதுல தெரியாது.

அதனால மார்க்கை விட்டுட்டு ஒரு ஸ்டார் விமர்சனம் நாலு, அஞ்சு ஸ்டார் விமர்சனம் நாலு படிங்க. இந்தப் படத்துக்கு அப்படிப் படிச்சா ஒரு வேடிக்கை தெரியும், ரெண்டு கோஷ்டியும் ஒரே பட்டியலைத் தான் எழுதியிருப்பாங்க. எல்லாம் ஸ்லோமோஷன், பின்னணி எல்லாம் கம்ப்யூட்டர், ஆளுங்க சட்டையே போடல, பேசறதெல்லாம் கத்தல். ஸ்பார்ட்டா ராஜா லியோனிடாஸ் ஈட்டியோட இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கமா ஒவ்வொருத்தரா சாய்ச்சுக்கிட்டே போற அந்த நீள ஷாட்டை எடுத்துக்கங்க. கட்டே இல்ல, கேமரா திடீர்னு கிட்ட போகும், விலகும், குத்து விழற நேரத்துல எல்லாம் மெதுவாகி ரத்தம் மை தெளிச்ச மாதிரி காத்துல நிக்கும், அடுத்த நொடி வேகம் பிடிக்கும். ஒருத்தருக்கு அது நடனம், இன்னொருத்தருக்கு ரெண்டு மணி நேர விளம்பரப் படம் (ஸ்னைடர் விளம்பரப் படத்துல இருந்து வந்தவர் தான், அதனால அந்தத் திட்டு ரொம்பத் தப்பும் இல்ல). எனக்குப் பிடிச்சது முதல் ஒரு மணி நேரம், அதுக்கப்புறம் அதே வித்தை திரும்பத் திரும்ப வர்றப்ப சலிப்பு. ஆனா ஒளிச்சு வச்சு வித்தாங்கனு யாரும் சொல்ல முடியாது, விளம்பரத்துலயே அத்தனையும் காட்டிட்டாங்க. நீங்க தான் மார்க்கை மட்டும் பார்த்திருக்கீங்க.

கேள்வி: டிஸ்க் போட்டா இருட்டுக் காட்சியெல்லாம் ஒரே புள்ளி புள்ளியா இருக்கு. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டாங்களா? (சந்தேகக்காரி)

பதில்: புள்ளியை வச்சு முடிவு பண்ணாதீங்க மேடம், படமே அப்படித் தான். 35 எம்எம் ஃபிலிம்ல எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டர்ல கறுப்பை இன்னும் கறுப்பா நசுக்கி, சில நிறத்தை மட்டும் தூக்கி விட்டு, புள்ளியையும் வேணும்னே விட்டிருக்காங்க. படத்துக்கு மூலமான ஃப்ராங்க் மில்லர் காமிக்ஸ் மாதிரி தெரியணும்னு செஞ்ச வேலை. ஆனா டூப்ளிகேட்டானு பார்த்துடறது நல்லது தான். டிஸ்கைத் திருப்பிப் பளபளங்கற பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, நடு ஓட்டையைச் சுத்தி இருக்கற வளையத்துல பொடி எழுத்துல நம்பரும் பார்கோடு மாதிரி கோடும் இருக்கும். அது காலியா இருந்து, மேல் பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா, கவர்ல எழுத்து மங்கலா பிசிறடிச்சா, யாரோ வீட்டுல எழுதின டிஸ்க். அப்ப முழு காசும் கேளுங்க, பாதி தரேன்னா ஒத்துக்காதீங்க.

கேள்வி: புது டிவி, பெரிய சைஸ். ‘300’ பார்த்தா டிவி சீரியல் மாதிரி வழவழனு ஓடுது. டிவியை மாத்தணுமா?

பதில்: வேண்டாம். மோஷன் ஸ்மூத்திங்னு ஒரு சனியன் ஆன்ல இருக்கும், பிராண்டுக்கு ஒரு பேர் வச்சிருப்பாங்க. அணைச்சிடுங்க. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடற படத்துல நடுநடுவுல டிவியே இல்லாத ஃப்ரேமைச் செஞ்சு சொருகுது, அதுவும் வேகம் மாறி மாறி ஓடற இந்தப் படத்துல அது பண்ற அட்டகாசம் சகிக்காது. ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா ஒரே பட்டன்ல முடிஞ்சுது.

கேள்வி: ‘படப்பிடிப்பில் பயன்படுத்திய ஒரிஜினல் வெண்கல ஹெல்மெட், சான்றிதழுடன்’ என்று ஆன்லைனில் பார்த்து ரொம்ப நாள் சேர்த்த பணத்தில் வாங்கினேன். வந்தது பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. விற்றவர் பதில் போடுவதில்லை. வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: நீங்க கூச்சப்பட ஒண்ணும் இல்லைங்க, உங்ககிட்ட பொய் சொன்னவன் தான் கூச்சப்படணும். நீங்க அனுப்பின போட்டோவுல பக்கவாட்டுல மேலிருந்து கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு கோடு தெரியுது பாருங்க, அச்சுல ஊத்தின ரெசின்ல (பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள்) தான் பெரும்பாலும் அப்படி வரும். நகத்தால தட்டினா டொக்னு செத்த சத்தம் வரும், வெண்கலம்னா கணீர்னு ஒலிக்கும், கையிலயும் கனக்கும். காந்தம் வச்சுப் பார்க்கச் சொல்வாங்க, வெண்கலத்துல காந்தம் ஒட்டாது, ரெசின்லயும் ஒட்டாது, அதனால அது முலாம் பூசின இரும்பைப் பிடிக்கத் தான் உதவும்.

இப்ப செய்ய வேண்டியது: அந்த விளம்பரப் பக்கம் மறையறதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ‘வெண்கலம்’, ‘படப்பிடிப்பு’ங்கற வார்த்தை அதுல தெரியணும். விற்பனைத் தளத்துல ‘பொருள் விவரத்துக்கு மாறா இருக்கு’னு புகார் போடுங்க, ‘பிடிக்கல’னு போட்டுடாதீங்க, ரெண்டுக்கும் விதி வேற. கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பிக் கேக்கற புகார்) போடுங்க, அதுக்குக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீங்க. விற்றவன் ‘புகாரை வாபஸ் வாங்கினா பணம் அனுப்பறேன்’னு நைசா பேசுவான், பணம் வந்து சேர்ற வரைக்கும் வாபஸ் கூடாது. சான்றிதழ்ங்கறது பிரிண்டர் இருக்கற எவனும் அடிக்கற காகிதம். நிஜமா படத்துல வந்த பொருள்னா இந்தக் கீறல் இந்த ஃப்ரேம்ல தெரியுதுனு படத்தோட ஒப்பிட்டுக் காட்டி விப்பாங்க, அப்படி எதுவும் காட்டலன்னா வெறும் பேச்சு. பணம் திரும்ப வந்துச்சானு எனக்கு எழுதுங்க.

கேள்வி: நானும் அதே மாதிரி வாள் வாங்கி, நண்பனோட சுத்திப் பார்த்தேன். கைப்பிடி தனியா வந்துடுச்சு, வாளோட அலகு பறந்து போய் சுவத்துல குத்திச்சு. கேரண்டி கேக்கலாமா?

பதில்: ‘அலங்காரத்துக்கு மட்டும்’னு பெட்டியிலயே போட்டிருக்கு, போட்டோவுல எனக்கே தெரியுது. சுவத்துல மாட்டற வாள்ல பல வகையில கைப்பிடிக்குள்ள போறது வெறும் ஒல்லிக் கம்பி தான், அதைச் சுத்தினா முறியத் தான் செய்யும். நண்பர் தலை தப்பிச்சதே கேரண்டி, போய் சுவத்துக்குப் பட்டி பாருங்க.

கேள்வி: ‘300 உடம்பு, எட்டே வாரத்தில்’ என்று ஒரு பிளான் காசு கொடுத்து வாங்கினேன். தினமும் 300 முறை செய்யச் சொல்கிறது. தோள்பட்டை போய்விட்டது.

பதில்: முதல்ல நிறுத்துங்க, டாக்டரைப் பாருங்க. அப்புறம் இதைக் கேளுங்க. நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மார்க் ட்வைட்ங்கற மலையேறி. அந்த 300ங்கறது 25 புல்அப், 50 டெட்லிஃப்ட், 50 புஷ்அப், 50 பாக்ஸ் ஜம்ப், 50 ஃப்ளோர் வைப்பர், 50 கெட்டில்பெல், மறுபடி 25 புல்அப், கூட்டினா 300. அது பயிற்சி முடிவுல வச்ச ஒரு பரீட்சை, தினசரிப் பாடம் இல்ல. பரீட்சைத் தாளைப் பாடப் புத்தகம்னு சொல்லி உங்களுக்கு வித்திருக்காங்க. பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மெயில் கண்டிப்பா போடுங்க, மருத்துவச் சீட்டையும் இணைங்க.

கேள்வி: பசங்களுக்கு ஜாலியா வரலாறு சொல்லிக் கொடுக்கலாம்னு வாங்கினேன். பத்து நிமிஷத்துல கண்ணைப் பொத்த வேண்டியதா போச்சு!

பதில்: கவர்ல ஆர் ரேட்டிங் போட்டிருக்கு, சின்னப் பசங்களுக்கு இல்லைங்கற அமெரிக்கக் குறி அது. திருப்பிக் கூட பார்க்காம வாங்கிட்டு என்கிட்ட ஆச்சரியக்குறி போடறீங்க.

வரலாறு வேணும்னா பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைப் படிச்சுட்டு பசங்களுக்குச் சொல்லுங்க. கி.மு. 480. கடைசி நாள் நின்னது 300 பேர் மட்டும் இல்ல, தெஸ்பியா ஊர்க்காரங்க 700 பேர் கூடவே நின்னு செத்தாங்க, அவங்க பேர்ல யாரும் டிஸ்க் விக்கல. ஸ்பார்ட்டாக்காரங்க வெறும் மார்போட போருக்குப் போகல, வெண்கலக் கவசம் பூட்டிட்டுத் தான் போனாங்க. எஃபோர்னு படத்துல வர்ற சொறி பிடிச்ச பூசாரிகள் நிஜத்துல வருஷா வருஷம் தேர்ந்தெடுத்த அஞ்சு அதிகாரிகள். சுதந்திரம் சுதந்திரம்னு கத்தற அந்த ஊர் நடந்ததே ஹெலாட்டுங்கற அடிமைக் குடியானவங்க உழைப்புல, அவங்களைப் பத்தி படத்துல மூச்சே இல்ல.

கேள்வி: பாரசீகர்களை அரக்கர்களாகக் காட்டிய படத்துக்குக் காசு கொடுப்பது சரியா? கேட்டால் ‘வெறும் ஃபேண்டஸி’ என்கிறார்கள். உங்களுக்கும் ரசனை கிடையாது என்று உங்கள் பழைய பதிலிலேயே தெரிந்தது.

பதில்: என் ரசனையை விடுங்க, உங்க கேள்வி நல்ல கேள்வி. 2007லயே ஈரான் அரசாங்கம் பகிரங்கமா எதிர்ப்பு சொல்லுச்சு, ஈரானியர்கள் பல பேர் அரசாங்கத்தோட ஒத்துப் போகாதவங்க கூட இதுல ஒண்ணா கோபப்பட்டாங்க. தாடி வச்சு மகுடம் போட்ட பாரசீக ராஜா ஷெர்க்ஸஸை மொட்டையடிச்சு உடம்பெல்லாம் தங்க வளையம் மாட்டி விட்டிருக்காங்க. இதுக்கு ரசிகர்கள் சொல்ற சமாதானம், கதையைச் சொல்றது டிலியோஸ்ங்கற ஒத்தைக் கண் வீரன், படைக்கு வெறியேத்தறதுக்காக மிகைப்படுத்தறான், அவன் கண்ல எதிரி அப்படித் தான் தெரிவான்னு. பாதி ஒத்துக்கறேன், படத்துலயே அந்த அமைப்பு இருக்கு. ஆனா அவன் சொல்றது மிகைனு படம் ஒரு இடத்துலயாவது கண்ணடிச்சுதா? எனக்குத் தெரிஞ்சு இல்ல. உங்களுக்கு உறுத்தினா வாங்காதீங்க, யார்கிட்டயும் காரணம் சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: பாட்டு சிடி மட்டும் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனா டைலர் பேட்ஸோட அந்த இசையில சில பகுதிகள் ‘டைட்டஸ்’ (1999) படத்துக்கு எலியட் கோல்டன்தால் போட்டதை ஒட்டி இருக்குனு 2007 ஆகஸ்ட்ல வார்னர் பிரதர்ஸே ஒத்துக்கிட்டு அறிக்கை விட்டாங்க. நான் ரெண்டையும் கேட்டேன், வாங்கினது ‘டைட்டஸ்’.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்ககிட்ட இருக்கறது எந்த டிஸ்க்?

பதில்: வந்துட்டீங்களா. எச்டி டிவிடி, ப்ளூரேவோட போட்டி போட்டுத் தோத்த டிஸ்க் வகை. சிவப்புக் கவர். அப்ப அதுல மட்டும் தான் படம் ஓடறப்பவே ஓரத்துல நீலத் திரையோட எடுத்த அசல் காட்சி ஓடும், மான்ட்ரியல் ஸ்டுடியோவுல ஒண்ணுமே இல்லாத தரையில ஆளுங்க ஈட்டியோட குதிக்கறது தெரியும். அந்த ஒரு வசதிக்காக பிளேயரே வாங்கினேன். 2008 பிப்ரவரியில அந்த வகையையே நிறுத்திட்டாங்க. பிளேயரும் போயிடுச்சு, இப்ப டிஸ்க் மட்டும் இருக்கு. அப்புறம் வேற சில படங்களை அல்ட்ராவயலெட்ங்கற டிஜிட்டல் லாக்கர்ல சேர்த்தேன், அதை 2019 ஜூலையில மூடினாங்க. நான் எதை வாங்கறேனோ அதைத் தவிர மத்ததை வாங்குங்க.

கேள்வி: 2014ல வந்த ரெண்டாம் பாகம் 3டி டிஸ்க் மலிவா கிடைக்குது. என்கிட்ட 3டி டிவி இல்ல. எதிர்காலத்துக்கு வாங்கி வைக்கலாமா?

பதில்: டிவி கம்பெனிகள் 3டியைக் கைகழுவி வருஷக்கணக்காச்சு. எந்த எதிர்காலத்துக்கு?

கேள்வி: படம் பிடித்தது. காமிக்ஸ் வாங்கினால் படத்தில் இல்லாதது ஏதாவது கிடைக்குமா?

பதில்: கதை பெருசா கூட இல்ல, ஆனா லின் வார்லி தீட்டின நிறம் இருக்கு, அது படத்தோட நிறத்தை விட எனக்கு உசத்தி. 1998ல அஞ்சு இதழா வந்தப்ப ரெண்டு பக்கத்தைச் சேர்த்து ஒரே ஓவியமா போட்டாங்க, கெட்டி அட்டைத் தொகுப்புல அந்த ரெண்டு பக்கமும் மடிப்பு விழாம ஒரே அகலப் பக்கமா இருக்கும். ஷெல்ஃப்ல நுழையாது, அளந்துட்டு வாங்குங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா நடுப் பக்கம் கழண்டிருக்கானு போட்டோ கேளுங்க.

கேள்வி: தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டு டிஸ்க் வாங்கினோம். அவனுக்கு உயிர், எனக்குப் பத்து நிமிஷம் தாங்கல. என் பாதியை அவன் திருப்பித் தரணும்னு சொல்றேன், முடியாதுங்கறான்.

பதில்: தர வேண்டியதில்ல. ஆனா அடுத்த டிஸ்க் எதுன்னு முடிவு பண்றது நீங்க, பாதி காசு அவன் போடணும்.