சிரிப்பு மட்டுமே ஒலிக்கும் வானொலி நிலைக்குமா?

கேள்வி (மேலூர் வாசகர் ஒருவர்): கனடாவில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே நாள் முழுவதும் நகைச்சுவையை மட்டுமே ஒலிபரப்பிய வானொலி நிலையங்கள் இருந்தன என்றும், அவற்றில் சிலவற்றைத் திடீரென்று மூடிவிட்டார்கள் என்றும் சொன்னான். கேட்பதற்கு ஆள் இல்லாமலா மூடினார்கள்? நம் பக்கம் அப்படி ஒரு நிலையம் வந்தால் நிலைக்குமா?

பதில்: உங்கள் மகன் சொன்னது உண்மை. பெல் மீடியா என்ற நிறுவனம் 2021 பிப்ரவரியில், வன்கூவரிலும் வினிபெக்கிலும் தான் நடத்திவந்த விளையாட்டு வானொலிகளை நிறுத்திவிட்டு, 1040, 1290 என்ற அதே மத்திய அலை (ஏ.எம்.) எண்களில், மேடை நகைச்சுவையாளர்களின் ஒலிப்பதிவுகளை இரவு பகலாக ஒலிக்கச் செய்தது. கால்கரியில் 1060 என்ற எண்ணில் அதே வகை நிலையம் ஒன்று ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. 2023 ஜூனில் மூன்றும் ஒரே நாளில் மூடப்பட்டன. அன்று நகைச்சுவை நிலையங்கள் மட்டும் மூடப்படவில்லை. வணிகச் செய்தி பேசிய நிலையமும், விளையாட்டு நிலையமும், ஊர்ப் பேச்சு நிலையமும் அவற்றோடு போயின. தாய் நிறுவனம் 1,300 பணியிடங்களையும் நீக்கியது. ஆகவே சிரிப்புக்கு மதிப்புக் குறைந்ததால் அவை மூடப்பட்டன என்று சொல்வது நியாயம் அன்று. மத்திய அலை வானொலிக்கு வரும் விளம்பரப் பணம் வற்றியது எல்லா வகை நிலையங்களையும் சேர்த்தே சாய்த்தது.

ஆனால் அந்த நிலையங்கள் எப்படிப் பிறந்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பதிவாகிக் கிடக்கும் மூன்று நான்கு நிமிடத் துணுக்குகளை வரிசையாக ஒலிபரப்ப எழுத்தாளர் வேண்டாம், நடிகர் வேண்டாம், செய்தியாளர் வேண்டாம். ஆகக் குறைந்த செலவில் ஓர் அலைவரிசையை உயிரோடு வைத்திருக்கலாம். நேயருக்கும் அதில் வசதி உண்டு. எந்த நிமிடத்தில் வானொலியைத் திறந்தாலும் தொடக்கத்தைத் தவறவிட்ட குறை இராது. அடுத்த துணுக்கு இதோ வந்துவிடும். ஆயினும் எந்த நிமிடத்தில் உள்ளே வரலாமோ அதே நிமிடத்தில் வெளியேயும் போகலாம் அல்லவா? நாளை காலை ஏழு மணிக்கு இன்னாருடைய குரலைக் கேட்க வேண்டும் என்று ஒருவரைக் காத்திருக்க வைக்கும் எதுவும் அந்த வரிசையில் இல்லை. பதிவுகளை நம்பி மட்டும் நடக்கும் நிலையத்துக்கு இதுவே பெரிய பலவீனம் என்று நான் கருதுகிறேன்.

பிரிட்டனில் பி.பி.சி. 2002 டிசம்பரில் தொடங்கிய ஏழாம் வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஏப்ரலில் 'ரேடியோ 4 எக்ஸ்ட்ரா' என்று பெயர் மாறி, இருபது ஆண்டுகளைத் தாண்டி ஒலித்துவருகிறது. பழைய நகைச்சுவைத் தொடர்களே அதன் பெரிய சொத்து என்றாலும் அது முழு நகைச்சுவை நிலையம் அன்று. துப்பறியும் நாடகமும், நாவல் வாசிப்பும், இரவு பத்து மணிக்கு மேல் நகைச்சுவையும் என்று கலந்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பணம் தருவது விளம்பரதாரர் அல்லர், உரிமக் கட்டணம் செலுத்தும் மக்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் பக்கத்துக்கு வருவோம். மதுரையில் ஒலிக்கும் தனியார் பண்பலை நிலையங்கள் ஏலத்தில் பெரும்பணம் கொடுத்து அலைவரிசை எடுத்தவை. கைவிட்டு எண்ணக்கூடிய அலைவரிசைகளே ஊருக்குக் கிடைக்கும்போது, ஒவ்வொரு நிலையமும் எல்லோரையும் ஈர்க்கவே முயலும். எல்லோரையும் ஈர்ப்பது சினிமாப் பாட்டு. அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழியே நூற்றுக்கு மேற்பட்ட வானொலி வரிசைகளைச் சந்தா வாங்கி நடத்தும் நிறுவனம், அவற்றில் சிலவற்றை நகைச்சுவைக்கென்றே ஒதுக்க முடிகிறது. ஐந்தாறு நிலையங்கள் போட்டியிடும் ஊரில் அந்தத் துணிவு யாருக்கும் எளிதில் வராது. இன்னொன்றும் உண்டு. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை. 2011-இல் வந்த கொள்கையும் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்ய மட்டுமே இடம் கொடுத்தது. எனவே பாட்டுக்கு இடையே பேசக் கிடைக்கும் நேரமெல்லாம் சிரிப்புக்குத் திரும்பியது. தனி நகைச்சுவை நிலையம் இல்லாவிட்டாலும், நம் நிலையங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் பாதி நகைச்சுவை நிலையம் குடியிருக்கிறது.

கேள்வி (திருமங்கலம் வாசகி ஒருவர்): தையல் கடை வைத்திருக்கிறேன். காலை முதல் இரவு வரை பண்பலை ஓடிக்கொண்டே இருக்கும். பலமுறை கேட்ட சினிமா காமெடிதான் திரும்பவும் வருகிறது, ஆனாலும் நானும் கடைப் பெண்களும் அதே இடத்தில் சிரிக்கிறோம். இது எப்படி?

பதில்: அம்மா, தமிழ் நகைச்சுவையின் வரலாறே உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. நம் சினிமாவில் நெடுங்காலமாக நகைச்சுவைப் பகுதி கதையிலிருந்து விலகித் தனி இழையாக ஓடிவந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தம் பகுதிகளைத் தாமே உருவாக்கிக்கொண்டார். பின்னாளில் கவுண்டமணி, செந்தில் இருவரின் புகழ்பெற்ற பகுதிகள் பலவற்றை ஏ. வீரப்பன் தனியே எழுதிக் கொடுத்தார். கதாநாயகனின் துயரம் ஒரு பக்கம் நடக்க, இவர்களுடைய சண்டை இன்னொரு பக்கம் தன் தொடக்கத்தோடும் முடிவோடும் நடக்கும். அப்படி எழுதப்பட்டதால்தான் படத்திலிருந்து அறுத்தெடுத்தாலும் அது உயிரோடு இருக்கிறது. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற முழுநேர நகைச்சுவைத் தொலைக்காட்சிகள் தமிழில் எழ முடிந்ததற்கும் இதுவே அடிப்படை.

அதோடு, அந்தப் பகுதிகளில் பெரும்பாலானவை வாய்ச்சண்டைகள். கேள்விக்குப் பதில், பதிலுக்குக் குறுக்குக் கேள்வி, கோபம், கெஞ்சல், மறுபடியும் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் குறையாது. நம் வைகைக்கரையிலிருந்து போன வடிவேலு உடலால் நடிப்பதில் வல்லவர்தான். ஆனாலும் அவருடைய புலம்பலும், இழுத்து நிறுத்தும் மூச்சும், மதுரைப் பேச்சின் ஏற்ற இறக்கமும் வானொலியில் தனித்து நிற்கின்றன. 1965-இல் வந்த திருவிளையாடல் படத்தில் நாகேஷ் நடித்த தருமியின் புலம்பலை, திரையில் காண்பதற்கு முன்பே கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கதை வசன இசைத்தட்டாகக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். காதால் சிரிக்கும் பழக்கம் நமக்குப் பண்பலை வருவதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

தெரிந்த வரிக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்றால், அங்கே நீங்கள் நேயர் மட்டும் அல்லர். அடுத்து வரும் சொல் உங்களுக்குத் தெரியும். வாயில் அதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். வந்ததும் நால்வரும் சேர்ந்து சொல்லிச் சிரிக்கிறீர்கள். தையல் இயந்திரத்தின் சத்தத்தில் முதல் பாதி காதில் விழாவிட்டாலும் நினைவு அதை நிரப்பிவிடும். புதிய நகைச்சுவைக்கு இந்தச் சலுகை இல்லை. பாட்டைப் பாதிக் காதால் கேட்கலாம். புதிய நகைச்சுவையை அப்படிக் கேட்க முடியாது, அது போட்ட முடிச்சைத் தவறவிட்டால் அவிழ்க்கும்போது சிரிப்பு வராது. வேலை செய்துகொண்டே கேட்பவர்களுக்குப் பழைய காமெடி இதமாக இருப்பதும், நாள் முழுக்கப் புதிய பேச்சு நகைச்சுவையே ஒலித்தால் அதே காதுகள் களைத்துப்போவதும் இதனால்தான்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர் ஒருவர்): முன்பின் தெரியாதவர்களுக்குத் தொலைபேசியில் பேசி, ஏமாற்றி, அழவைத்து அதை ஒலிபரப்புகிறார்களே, அதுவும் நகைச்சுவையா?

பதில்: என் கணக்கில் இல்லை. கூலி பாக்கி என்றும், வீட்டில் விபத்து என்றும் பொய் சொல்லி ஒரு மனிதரின் படபடப்பை ஊருக்குக் கேட்கவைப்பது கொடுமை. கடைசியில் அவர் சிரித்துவிட்டார் என்பதால் அது சரியாகிவிடாது. நிறத்தையும் உடல் பருமனையும் வைத்து எழுதப்பட்ட பழைய துணுக்குகளையும் நிலையங்கள் ஒலிபரப்பாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். வானொலி வீட்டுக் கூடத்திலும் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டோவிலும் ஒலிக்கிறது.

கேள்வி (சோழவந்தானிலிருந்து ஒரு கல்லூரி மாணவி): நாங்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு தமிழ் நகைச்சுவை வானொலி தொடங்க நினைக்கிறோம். சினிமா காமெடியை மட்டும் போட்டால் போதுமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: போதாது. நீங்கள் கேட்டதற்கு மகிழ்ச்சி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில், சினிமாத் துணுக்குகள் உங்களுடைய சொத்து அல்ல; உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் எதையும் ஏற்றாதீர்கள். அனுமதி கிடைத்தாலும், அதே துணுக்குகள் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கும்போது உங்களை ஏன் தேடி வர வேண்டும்?

நீண்ட நாள் நின்ற வானொலி நகைச்சுவைகளைப் பாருங்கள். பி.பி.சி.யில் ஒரு நிமிடம் தயங்காமல், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தலைப்பை விட்டு விலகாமல் பேச வேண்டும் என்ற ஒரே விதியோடு 1967-இல் தொடங்கிய போட்டி இன்னும் நடக்கிறது. 1957 அக்டோபர் 3 அன்று பிறந்த, அகில இந்திய வானொலியின் விவித் பாரதியில் 'ஹவா மஹல்' என்ற இந்திச் சிறு நாடக நிகழ்ச்சி தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. இவற்றில் வடிவம் பழையது, உள்ளே வரும் பேச்சு ஒவ்வொரு முறையும் புதியது. நேயருக்கு வீட்டுக்கு வந்த நிம்மதியும் கிடைக்கிறது, அடுத்து என்ன வரும் என்ற ஆவலும் கிடைக்கிறது. நம்மிடம் அதே தன்மையுள்ள வடிவம் பட்டிமன்றம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்து வளர்த்த அந்த மேடையில், இரண்டு அணி, ஒரு தலைப்பு, ஒரு தீர்ப்பு என்பது மாறாது. தலைப்பும் பேச்சும் கூட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டத்தின் சிரிப்பு உண்மையாகக் கேட்பதும் அதன் பலம். உங்கள் நிகழ்ச்சிகளையும் இயன்றவரை ஆட்களை உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள். பின்னர் ஒட்டவைத்த சிரிப்பைக் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

அடுத்ததாக, உங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்றும் திருவிழாவுக்குத் திருவிழா இரவு முழுக்க நடக்கும் ஸ்பெஷல் நாடகம் என்ற மேடை இசை நாடகத்துக்கு ஒரு முறையாவது போய் விடியும்வரை உட்காருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் தொடங்கியதும் முதலில் மேடைக்கு வருபவர் பபூன் என்ற கோமாளி. தனியாளாக நின்று பாடி, பேசி, எதிரே இருப்பவரைச் சீண்டி, கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். பிறகு நடனக்காரப் பெண்ணோடு அவருடைய வாதம். அதற்கும் பின்புதான் வள்ளியும் நாரதரும் வேலனும் வருவார்கள், தர்க்கம் நடக்கும், சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு ஒலிக்கும். பபூன் இல்லாமல் கூட்டம் சேராது. பபூன் மட்டுமே விடியும்வரை பேசினாலும் கூட்டம் நிற்காது. எந்த நேரத்தில் சிரிப்பை விட வேண்டும், எப்போது அதை நிறுத்திப் பாட்டுக்கு வழிவிட வேண்டும் என்று அந்தக் கலைஞர்களுக்கு இருக்கும் கணக்கு, எந்த வானொலி நிலையத்து நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கும் பாடம். அவர்களில் சிலரை அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து, பேச வையுங்கள். மதுரைச் சுண்ணாம்புக்காரத் தெருவில் இருக்கும் நாடக நடிகர் சங்கத்தில் விசாரித்தால் வழி கிடைக்கும்.

எனவே இருபத்துநான்கு மணி நேரத்தையும் சிரிப்பால் நிரப்ப முயலாதீர்கள். காலையில் அரை மணி, இரவில் ஒரு மணி என்று புதிதாக எழுதிய நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் தவறாமல் கொடுங்கள். மீதி நேரத்துக்குப் பாட்டும், பழைய மேடைப் பேச்சும், நேயர் கடிதமும் போதும். எழுதுவதற்கு ஆட்களைச் சேர்ப்பதுதான் கடினமான வேலை. பேசத் தெரிந்தவர்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். வாரம் தவறாமல் பதினைந்து நிமிடம் எழுதித் தருபவர் அரிது. அப்படி இரண்டு பேர் உங்கள் குழுவில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஒலிவாங்கி வாங்குவதற்கு முன்பே மூன்று மாதத்துக்கான எழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.