மலேரியாவில் பிளேட்லெட் 18,000-ஆ, 70,000-ஆ?

தம்பிக்கு வைவாக்ஸ் மலேரியா, காலையில் பிளேட்லெட் 18,000, மாலையில் வேறு லேபில் 70,000, ரத்தக்கசிவு இல்லை என்கிறீர்கள். பிளேட்லெட் ஏற்றச் சம்மதிக்கும் முன் ஸ்மியர் (ரத்தத் துளியை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலேரியாவில் பிளேட்லெட் நிஜமாகவே குறையும்தான், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனம் சிலர் ரத்தத்தில் பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும், மெஷின் அந்தக் கொத்துகளைக் கணக்கில் விட்டுவிடும், எண் பொய்யாகக் குறைந்து வரும். ஸ்லைடின் ஓரத்தில் கொத்து தெரிந்தால் ஈடிடிஏ இல்லாத நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து உடனே எண்ணச் சொல்லுங்கள். அந்தக் குழாயில் உள்ள திரவம் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்யும் என்பதால், வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கினார்களா என்றும் கேளுங்கள். உடைந்த சிவப்பணுத் துண்டுகளைப் பிளேட்லெட் என்று மெஷின் கூட்டிக் காட்டுவதும் உண்டு, அதனால் 70,000-ஐயும் ஸ்மியரோடு ஒப்பிடுங்கள். மலேரியா மாத்திரையை நிறுத்தவே கூடாது. அப்புறம், ஈறில் ரத்தம், கறுப்பு மலம், பேச்சில் குழப்பம், எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.