வாசகர் கேள்வி – பதில்: சொந்தப் படகு எத்தனை நாள் தண்ணீரில் இருக்கும்?

கேள்வி: இருவர் உட்காரும் காற்றடைத்த கயாக் ஒன்று வாங்க ஆசை. படகு வைத்திருப்பவர்கள் உண்மையில் எத்தனை தடவை அதை வெளியே எடுக்கிறார்கள்? வாங்குவதா, வாடகைப் படகோடு நிறுத்திக்கொள்வதா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: வாங்கிய புதிதில் வாராவாரம். பிறகு விருந்தாளி வந்தால். அதற்கும் பிறகு பரண். எந்த ஊர்ப் படகுக்கும் பெரும்பாலும் இதுதான் கதி. ஒரு மணி நேரம் துடுப்புப் போட, முன்னும் பின்னும் எத்தனை மணி நேர வேலை என்பதுதான் இதை முடிவு செய்கிறது. விலையைவிட முதலில் அந்த வேலையைக் கணக்குப் போடுங்கள்.

கயாக் பதினைந்து கிலோ இருக்கும். வண்டியிலிருந்து கரைக்குத் தூக்கி, கைப் பம்பால் காற்றடித்து, இருக்கையைப் பொருத்தி இறக்க அரை மணி. அது பெரிய பாடில்லை. திரும்பி வந்தபின் உலர்த்துவதுதான் பாடு. சமவெளியில் அரை நாள் வெயிலில் காய்ந்துவிடும். இங்கே மஞ்சு இறங்கும் நாட்களில் திண்ணையில் மூன்று நாள் கிடந்தாலும் ஈரம் போகாது. பக்கக் குழாயும் தரையும் சேரும் மடிப்பைப் பாருங்கள்: விரல் நுழையாத அந்த இடுக்கில் மண்ணும் பைன் ஊசியும் தண்ணீரோடு தங்கிவிடும். அப்படியே சுருட்டி வைத்தால் சில வாரங்களில் கரும்புள்ளியாய்ப் பூசணம் பிடிக்கும், ஒட்டும் விடும். பழைய துணியை ஒரு தட்டையான குச்சியில் சுற்றி இடுக்கைத் துடைத்து, காற்று பாதியிருக்கும்போதே கவிழ்த்து வீட்டுக்குள் நிழலில் காயவிட்டு, பிறகு சுருட்டுங்கள். கூடத்தில் அதன் நீளத்துக்கு இடம் இல்லாத வீட்டுக்குக் கயாக் வேண்டாம் என்றே சொல்வேன்.

இனி நாட்காட்டி. ஜூன் முதல் தென்மேற்குப் பருவத்தின் தூறலும் காற்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே சனி ஞாயிறுகளில் ஏரிச் சாலையில் வண்டி நகராது. 2024 மே மாதம் மலையேறும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபிறகும் சீசன் சீசன்தான். மிஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் வரையும், இடையிடையே வெயில் காயும் காலைகளும். ஜனவரித் தண்ணீர் விறைக்க வைக்கும். தவறி விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் மூச்சு அடைக்கும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை.

உங்களால் முடிகிற நாட்களை எண்ணுங்கள். படகு, பம்பு, ஜாக்கெட் எல்லாம் சேர்ந்த விலையை ஐந்து வருடத்துக்கு வகுத்து, அதை ஓராண்டுத் தடவைகளால் வகுங்கள். வருவது ஒரு சவாரியின் விலை. பக்கத்தில் வாடகையை எழுதிப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் கொடைக்கானல் ஏரியை அமைத்தபோது தூத்துக்குடியிலிருந்து படகைத் தருவித்தார். அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டும். சொந்தப் படகை இறக்க அனுமதி உண்டா என்று நகராட்சியில் எழுதிக் கேட்டு, பதிலும் எழுத்தில் வந்தபிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: எஸ்டேட் குளத்துப் படகில் 5 குதிரைத்திறன் அவுட்போர்டு (பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்), ஃபோர் ஸ்ட்ரோக். நாலு மாதம் கழித்து எடுத்தால் கிளம்ப மறுக்கிறது. கிளம்பினாலும் கரும்புகை, இழுவை இல்லை.
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

கிளம்பாததற்குக் காரணம் பழைய பெட்ரோல். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்க் அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கார்புரேட்டரில் மிஞ்சிய துளி ஆவியாகிப் பிசினாகி ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் நுண்துளையை, அடைக்கும். பழைய பெட்ரோலை முழுக்க இறக்கி, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைக் கிளீனர் ஸ்பிரேயால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

அடுத்த முறை நிறுத்தி வைக்கும்போது எஞ்சினை ஒரு டிரம் தண்ணீரில் ஓட்டியபடியே பெட்ரோல் குழாயின் திருகை மூடுங்கள். தானாக நிற்கட்டும். பிறகு கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். டிரம்மில் தண்ணீர், புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டை மூழ்கடிக்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓட்டினால் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) சில நொடிகளில் கருகும். கையோடு கியர் ஆயிலையும் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது.

கரும்புகை உயரத்தின் வேலை. கோத்தகிரியில் காற்றின் அடர்த்தி குறைவு. கடல்மட்டத்துக்கு அமைத்த கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை ஊற்றினால் எரிய ஆக்சிஜன் போதாது, பிளக் கரி பிடிக்கும். ஒரு சைஸ் சிறிய மெயின் ஜெட் போட்டால் புகை அடங்கும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தி போனது போனதுதான். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் மாட்டினால் எஞ்சின் திணறாது.

கேள்வி: மலையடியில், வத்தலக்குண்டில், பெட்ரோல் பங்கில் கயாக்குக்குக் காற்றடித்து, வண்டிக் கூரையில் கட்டி மேலே கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. கொடைக்கானலில் வெளிக் காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட மிகக் குறைவு. மலையடியில் 3 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்தால், குளிரால் கொஞ்சம் சுருங்கியும், மேலே 5-ஐ நெருங்கும். வழியில் வெயில் பட்டால் இன்னும் ஏறும். பல மலிவுப் படகுகளின் ஒட்டு அதைத் தாங்காது. டயருக்கான கம்ப்ரெசரும் ஆகாது, மீட்டர் முள் அசைவதற்குள் தையல் பிரியும். ஏரிக்கரையில் கைப் பம்பால் அடியுங்கள், வால்வுக்குப் பக்கத்தில் அச்சடித்த அளவோடு நிறுத்துங்கள். தண்ணீரில் பத்து நிமிடம் கிடந்தபின் குழாய் தொய்ந்தால் அது ஓட்டை அல்ல, குளிர். இரண்டு மூன்று அடி சேர்த்து அடித்தால் போதும்.