சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் வேண்டாம், தம்பி

ஆகஸ்டில்தான் மிச்சிகன் வந்தேன், நவம்பர் கடைசியில் ஆன் ஆர்பரில் நடக்கிற மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு ரூம்மேட்கள் கூப்பிடுகிறார்கள், டிக்கெட் விலையைப் பார்த்தால் ஒரு மாத மளிகைக் காசு போய்விடும் போலிருக்கிறது, விதிமுறையும் ஒன்றும் தெரியாது, போகலாமா, போனால் எப்படி முழுசாக அனுபவிப்பது, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. போங்கள். பார்க்கிங், கழிவறை வரிசை, எந்த ஆப் என்பதையெல்லாம் ரூம்மேட்களிடமே கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்ல வேண்டியது முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு போகிற துணியைப் பற்றி.

நான் வந்ததும் ஒரு ஆகஸ்டில்தான், 2013. டெட்ராய்ட் பக்கம் வேறொரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். ஈரோட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் அம்மா என்னை ஊட்டிக்கு அழைத்துப்போய் திபெத்தியர் கடையில் பேரம் பேசி ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார். நல்ல குங்குமச் சிவப்பு. அமெரிக்கக் குளிருக்கு என்று என்னிடம் இருந்த ஒரே உருப்படி அதுதான். அதைத்தான் மாட்டிக்கொண்டு ஒஹாயோ ஆட்டத்துக்குப் போனேன். மிச்சிகன் நிறம் மஞ்சளும் நீலமும். ஒஹாயோ ஸ்டேட்டின் நிறம் என்ன தெரியுமா? சிவப்பும் சாம்பலும். இதைக் காரில் வந்த ஐந்து பேரில் ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

மைதானத்துக்குப் பத்து நிமிட நடையில் ஒரு வீட்டுப் புல்வெளியில் காரை நிறுத்தினோம். ஆட்ட நாளில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்வாசல் புல்லைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுவார்கள், அட்டையில் விலை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வீட்டுத் தாத்தா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காரை விடலாம், உன்னை விட முடியாது என்றார். எனக்குப் பகீரென்றது. நிறவெறி என்று கேள்விப்பட்டோமே, இதுதானா என்று நினைத்தேன். நிறம்தான், ஆனால் ஸ்வெட்டர் நிறம். அது புரிவதற்குள் கூட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அடுத்த கூத்து பை. தோளில் மாட்டுகிற பையில் டிபன் டப்பா, தண்ணீர், குடை எல்லாம் வைத்திருந்தேன். அந்த மைதானத்துக்குள் அப்போது பையே கூடாது. தொழில்முறை ஆட்டங்களில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையாவது விடுவார்கள், இங்கே அன்று அதுவும் இல்லை. தாத்தாவே சொன்னார், இங்கே வைத்துவிட்டுப் போ என்று. அவர் மனைவி டப்பாவில் என்ன என்று கேட்டார். திறந்து காட்டினேன், எலுமிச்சை சாதம், மேலே நிலக்கடலை. பாட்டி முகம் மலர்ந்து, இவன் நம்ம ஆள்தான், சோற்றைப் பார் மஞ்சள் என்று சத்தம் போட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டார். சாதம் பிழைத்துக்கொண்டது. ஸ்வெட்டர் மேல் போட்டுக்கொள்ள ஒரு பழைய நீல மழைக்கோட்டைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது டப்பா கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது. செய்முறை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார் பாட்டி. கறிவேப்பிலைக்குத்தான் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் திண்டாடினோம்.

சரி, டிக்கெட். இதில்தான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். எங்களுக்கு விற்றது ஒரு தமிழ் சீனியர், பெயர் வேண்டாம். மிச்சிகன் மாணவர்களுக்குச் சலுகை விலையில் வருகிற டிக்கெட்டை வாங்கி எங்கள் தலையில் இரண்டு மடங்குக்கு மேல் கட்டிவிட்டார். வாசலில் மாணவர் அட்டை எங்கே என்கிறார்கள். இல்லாவிட்டால் தனியாகப் பணம் கட்டி அதைப் பொது டிக்கெட்டாக மாற்றிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். வரிசையில் நின்று கட்டினோம். அந்த வருடம் மாணவர் பகுதியில் இருக்கை எண்ணே கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். ரொம்பத் திட்டு வாங்கின ஏற்பாடு, அடுத்த வருடமே மாற்றிவிட்டார்கள். நாங்கள் உள்ளே போகும்போது உச்சிப் படிதான் மிச்சம். வெளிநாட்டில் நம்மை ஏமாற்றுகிறவன் பெரும்பாலும் நம் மொழியில்தான் பேசுவான் தம்பி, இதை நான் வன்மத்தோடு சொல்லவில்லை, கொஞ்சம் வன்மமும் இருக்கிறது. நீங்கள் அந்தப் பல்கலைக்கழக மாணவரா என்று எழுதவில்லை. இல்லையென்றால் மாணவர் டிக்கெட்டைத் தொடாதீர்கள். இப்போது எல்லாம் போனில்தான். குளிரில் போன் பேட்டரி பொசுக்கென்று இறங்கும், லட்சம் பேர் கூடுகிற இடத்தில் சிக்னலும் திணறும், அதனால் முந்தின நாளே டிக்கெட்டைப் போனில் இறக்கி வைத்து, போனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் குளிர். ஈரோட்டுக்காரன் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். நடந்து வியர்க்கும், உட்கார்ந்ததும் அந்த ஈரம் முதுகில் ஐஸ் கட்டியாக ஒட்டும். தெர்மல் வாங்கிக்கொள்ளுங்கள், காலுக்குக் கம்பளி சாக்ஸ். உட்காருவது அலுமினிய பெஞ்சு, நாற்காலி இல்லை, ஆளுக்கு ஒரு எண்ணும் ஒரு சாண் இடமும், எல்லோரும் தடித்த கோட்டில் வருவதால் அந்த இடத்தில் பாதிதான் உங்களுக்கு. அந்தக் குளிர் முதலில் ஏறுவது பாதத்தில். தாத்தா சொல்லிக்கொடுத்தது இது: ஒரு அட்டைப்பெட்டித் துண்டை மடித்துக் கோட்டுக்குள் செருகிப் போய், காலடியில் சிமெண்டின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். முந்நூறு டாலர் ஷூ செய்யாததை அந்த அட்டை செய்யும்.

விதிகள் எதுவும் தெரியாது என்று பயப்பட வேண்டாம். சடுகுடு தெரியுமில்லையா, பிடித்து மடக்குவதும் கோடும்தான் இங்கேயும். பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, அதற்கு மேல் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1, உதைக்காமல் மறுபடி ஓடியோ எறிந்தோ கோட்டைத் தாண்டினால் 2. தூரத்திலிருந்து உதைத்து மட்டும் எடுத்தால் 3. மற்றதெல்லாம் வக்கீல் விஷயம். ஒன்று மட்டும் முக்கியம், எப்போது கத்துவது. கிரிக்கெட் பழக்கத்தில் நம் அணி பந்தை எடுத்ததும் நான் தொண்டை கிழியக் கத்தினேன். முன்வரிசையில் ஒரு பத்து வயசுப் பையன் திரும்பி உதட்டில் விரல் வைத்தான். நம் அணி ஆடும்போது அமைதி, அவர்களுக்குள் பேசிக்கொள்வது கேட்க வேண்டும். எதிரணியிடம் பந்து போனதும் காது கிழியக் கத்த வேண்டும், அவர்களுக்கு ஒன்றுமே கேட்கக் கூடாது. மூன்றாவது வாய்ப்பில் இன்னும் அதிகமாக.

ஆட்டம் பகல் 12 மணிக்குத்தான் தொடங்கும், ஆனால் காலை எட்டுக்கே போய்விடுங்கள். எதிரே இருக்கிற பயனியர் உயர்நிலைப் பள்ளி வளாகமும் பல்கலைக்கழக கோல்ஃப் மைதானமும் திருவிழாக் கூட்டமாக இருக்கும், காரின் பின்கதவைத் திறந்துபோட்டு அடுப்பு பற்றவைத்து, கறி சுட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவனையும் கூப்பிட்டுத் தட்டை நீட்டுவார்கள். இங்கேதான் நம்மவர்கள்மேல் எனக்கு ஒரு குறை. ஆறு பேர் சேர்ந்து வருவார்கள், ஆறு பேரும் வட்டமாக நின்று எச்-1பி, நோவியில் வீட்டு விலை, யாருக்கு கிரீன் கார்டு வந்தது என்று பேசி, நாலு செல்ஃபி எடுத்துவிட்டு உள்ளே போவார்கள். அதைப் பேச கேன்டனில் என் வீட்டு பேஸ்மென்ட் போதுமே. இருபது வருஷம் இங்கே இருந்துவிட்டு, அது முரட்டு விளையாட்டு என்று ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் ஒதுக்குகிறவர்களும் உண்டு, ஆனால் ஜல்லிக்கட்டு என்றால் வாட்ஸாப்பில் பொங்குவார்கள். நீங்கள் முடிந்தால் நம் கூட்டத்தைவிட்டு ஒரு மணி நேரம் தனியாகச் சுற்றுங்கள். யாரிடமாவது எத்தனை வருஷமாக வருகிறீர்கள் என்று கேட்டால் போதும், அப்பா காலத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்வார்கள். நான் இப்போது சின்ன கேஸ் அடுப்பும் பணியாரக் கல்லும் கொண்டுபோகிறேன். குழிப்பணியாரத்துக்கு அங்கே ஒரு வரிசையே நிற்கிறது, சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை.

உள்ளே அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள், பேண்டு வாத்தியக் கூட்டம் களத்துக்கு வருவதையும், ஆட்டக்காரர்கள் ஓடிவந்து எம்பி அந்த நீலப் பதாகையைத் தொடுவதையும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் மைதானம் அவ்வளவு பெரிதாகவே தெரியாது. 1927இல் பூமியைத் தோண்டிக் கட்டியது, வாசலில் நுழைந்தால் கிண்ணத்தின் விளிம்பில் நிற்கிற மாதிரி எல்லாம் கீழே இறங்கும். கொள்ளளவு 1,07,601. நம் சேப்பாக்கத்தைப்போல் ஏறக்குறைய மூன்று. 2013 செப்டம்பரில் நோட்ர டேம் ஆட்டத்துக்கு 1,15,109 பேர் வந்து அப்போது கல்லூரி ஃபுட்பாலில் சாதனையானது.

நான் பார்த்த அந்த ஒஹாயோ ஆட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நம் அணி 14 புள்ளி பின்தங்கி, பிறகு 35–35 என்று சமன் செய்து, மறுபடி பின்தங்கி, கடைசி 32 விநாடி மிச்சம் இருக்கும்போது கோட்டைத் தாண்டியது. 42–41. ஒன்று உதைத்தால் சமன், கூடுதல் நேரம். பக்கத்தில் நின்ற தாடிக்காரர் என்னைத் தூக்கிச் சுற்றினார், நீல மழைக்கோட்டுக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது, அவர் கவனிக்கவில்லை. ஆனால் பயிற்சியாளர் உதைக்கச் சொல்லவில்லை. இரண்டு புள்ளிக்குப் போனார், ஜெயம் இல்லையேல் தோல்வி. எறிந்த பந்தை ஒஹாயோக்காரன் குறுக்கே புகுந்து பிடித்துவிட்டான். அவ்வளவு பெரிய கூட்டம் அப்படி அடங்கி நான் கேட்டதில்லை, தூரத்தில் ஒரு மூலையில் சிவப்புச் சட்டைகள் மட்டும் குதித்துக்கொண்டிருந்தன. தாடிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழவே இல்லை. விதிமுறை பாதிதான் புரிந்திருந்த எனக்கும் தொண்டை அடைத்தது. வந்து மூன்று மாதம், யாரோ ஒருவர் தோற்றதற்கு ஏன் அழுகை வருகிறது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கடைசிவரை உட்காருங்கள். 2021இல் பனி கொட்டிக்கொண்டிருந்த ஆட்டத்தில் கூட வந்த நண்பர் நான்காவது கால்பகுதி பாதியில், டிராஃபிக் வந்துவிடும் என்று மனைவி மக்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எட்டு ஆட்டம் வரிசையாகத் தோற்றபிறகு மிச்சிகன் ஜெயித்தது அன்றுதான், 42–27, கூட்டம் மொத்தமாகக் களத்தில் இறங்கியது, நானும் என் மனைவியும் அந்தப் பனியில் செயற்கைப் புல்லை மிதித்துக்கொண்டு நின்றோம். நண்பர் அதை சிக்னலில் நின்றபடி ரேடியோவில் கேட்டாராம். இன்னும் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார்.

சைவச் சாப்பாடு கேட்டிருந்தீர்கள், பிரெட்சல், பாப்கார்ன் அளவுக்குத்தான் எதிர்பாருங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இந்த ஆட்டம் ஒற்றைப்படை ஆண்டில்தான் ஆன் ஆர்பரில், இரட்டைப்படை என்றால் கொலம்பஸ். காசைப் பார்த்து அடுத்த வருஷம் என்று தள்ளினால் மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி எதிரி ஊருக்குப் போக வேண்டியிருக்கும்.

கொலம்பஸ் போகிறதென்றால் என் மச்சான் அங்கேதான் இருக்கிறான், சொல்லி வைக்கிறேன். ஊட்டி ஸ்வெட்டர் இப்போது அவனிடம்தான். அங்கே அதற்கு நல்ல மரியாதையாம்.