மோல் குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும் என்று யார் சொன்னது?

"மோல் எண்ணிக்கை எதில் குறைவோ அதுதான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்று சொல்லித் தந்தார்கள், விடை தப்பாக வருகிறது. இந்தக் கணக்கு பிற்காலத்தில் எதற்காவது உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 11ஆம் வகுப்பு படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் வீட்டில் சோப்பு செய்து விற்பவள்.

முதலில் உங்கள் கணக்கு. மோல் என்பது டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ணும் ஒரு அளவு. வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்றால் வினையில் முதலில் தீர்ந்துபோகும் பொருள். மோலைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தக் கூடாது. சமன்பாட்டில் அந்தப் பொருளுக்கு முன்னால் உள்ள எண்ணால் வகுக்க வேண்டும். வகுத்து வருவது எதற்குக் குறைவோ, அது முதலில் தீரும். அமோனியா உருவாக ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் தேவை. 2 மோல் நைட்ரஜன், 5 மோல் ஹைட்ரஜன் கொடுத்தால் 2-ஐ 1-ஆல் வகுக்க 2, 5-ஐ 3-ஆல் வகுக்க 1.67. மோலில் அதிகமாக இருக்கும் ஹைட்ரஜன்தான் தீர்ந்துபோகிறது. மூன்றில் ஒரு பங்கு மோல் நைட்ரஜன், அதாவது 9.33 கிராம், மிச்சம். அவ்வளவுதான்.

இப்போது என் கதை. சோப்பு என்பது எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து நடக்கும் வினை. ஒரு எண்ணெய் மூலக்கூறுக்கு மூன்று காஸ்டிக் வேண்டும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சராசரியாக 183 கிராம். நாங்கள் வேண்டுமென்றே 5 சதவீதம் குறைத்து 174 கிராம்தான் போடுவோம். காஸ்டிக் முழுதும் தீர்ந்து கொஞ்சம் எண்ணெய் மிஞ்ச வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் தோலுக்கு இதம், காஸ்டிக் மிஞ்சினால் தோல் எரியும்.

எங்கள் சுயஉதவிக் குழுவுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்தவர், "கிலோவுக்கு 200 கிராம் போடுங்கள், சீக்கிரம் இறுகும்" என்றார். நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். காஸ்டிக் ஒரு மோல் 40 கிராம், அதனால் 200 கிராம் 5 மோல், 3-ஆல் வகுத்தால் 1.67. ஒரு கிலோ எண்ணெய் ஏறக்குறைய 1.53 மோல். அப்படியானால் எண்ணெய் தீர்ந்து 17 கிராம் காஸ்டிக் சோப்பிலேயே நிற்கும். எழுந்து சொன்னேன். "பயிற்சிக்கு வந்தீங்களா, பாடம் எடுக்க வந்தீங்களா?" என்றார். எங்கள் குழு அன்று 174 கிராமில்தான் செய்தது. அந்த சோப்பைத்தான் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் போட்டோம்.

"கடை காஸ்டிக் சுத்தமாக இருக்காது, ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு மாதிரி" என்று யாராவது கிளம்பி வருவார்கள். தெரியும். தேங்காய் எண்ணெயில் அந்த அளவு சுமார் 177-லிருந்து 189 வரை போகும். காஸ்டிக் 98 சதவீதம்தான் சுத்தம் என்று வைத்தாலும் 200 கிராமில் 196 இருக்கிறதே, எந்தத் தேங்காய் எண்ணெய்க்கும் அது அதிகம்தான். 174 போட்டால் 177-க்கும் கீழே நிற்கிறோம், பயமில்லை. வேறு எண்ணெய் என்றால் இந்த எண்களை அப்படியே எடுக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அளவு உண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் படித்த காலத்தில் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால் பல பள்ளிகளில் ஜூன் மாதமே 12ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் பள்ளியும் அப்படித்தான். இந்தக் கணக்கு வருவது 11-இல், அதைத் தாண்டிக் குதித்துவிட்டு இரண்டு வருடம் 12ஆம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஒரு அக்கா மாலையில் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லித் தராவிட்டால் அன்றைக்குப் பயிற்சியில் நானும் தலையாட்டியிருப்பேன். பிள்ளைகளுக்கு மதிப்பெண் கிடைத்தது, அடிப்படை போனது. இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

உங்கள் பள்ளியிலும் அப்படி ஓட்டுகிறார்கள் என்றால் 11ஆம் வகுப்பு வேதியியல் முதல் தொகுதியின் முதல் அலகை நீங்களே எடுத்து வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் போடுங்கள். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கணக்கை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.